காத்தாயி கூட்டிய இலக்கங்கள்

கரட்டூர்ப் பாளையத்தில் இருந்தவை பன்னிரண்டே துப்பாக்கிகள். பதின்மூன்றாவது என்று சொன்னால் தளவாயின் வாய்தான்.

கோட்டையைக் கேட்டு எதிரியின் தூதன் வருகிறான் என்றதும் தளவாய் பட்டறைக்கு வந்து குதித்தார். "மூணு நாள்ல ஆயிரம் துப்பாக்கி வேணும். இல்லேன்னா உன் தலை இருக்காது!"

துப்பாக்கிகளில் வரிசை எண் வெட்டும் காத்தாயி உளியைக் கீழே வைக்கவில்லை. "பன்னெண்டே போதும் சாமி. எண்ணுக்குப் பக்கத்துல ரெண்டு இலக்கம் கூட்டிக்கிறேன்."

மூன்றாம் துப்பாக்கியில் நாலும் ஏழும் சேர, அது முந்நூற்று நாற்பத்தேழு ஆனது. பதினொன்று, ஆயிரத்து நூற்றெண்பது ஆனது.

தூதன் ஓரக்கண்ணால் நோட்டம் விடுகிறவன். வாசற்காவலனிடம் முந்நூற்று நாற்பத்தேழைப் பார்த்தான். அரண்மனைக் கதவருகே ஆயிரத்து நூற்றெண்பதைப் பார்த்தான். எந்தப் பட்டறையும் செய்த வரிசையில்தானே எண் போடும்? கொண்டுவந்த மிரட்டல் ஓலையை மடியிலேயே செருகிக்கொண்டு திரும்பினான்.

அன்று மாலையே, எல்லையில் கூடாரமடித்திருந்த எதிரிப் படை, உலையில் வெந்த சோற்றைக்கூட விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியது.

தளவாய் மீசையை முறுக்கினார். "இதுக்கு உளி எதுக்கு? ஆயிரம் துப்பாக்கி இருக்குன்னு நானே அவன்கிட்ட சொல்லியிருப்பேனே!"

"நீங்க சொன்னா பொய்னு நினைச்சிருப்பான் சாமி," என்றாள் காத்தாயி. "அவனே கண்டுபிடிச்சான் பாருங்க, இப்போ அங்க கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிக்கிட்டிருப்பான்."