பிளவுக்கு அடியில் ஒரு வழி

ஒரு காட்டில், பாறைமலையின் உச்சியில், எல்லா விலங்குகளுக்கும் பொதுவான ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. மழை வரும் குறிகள், நோய் தீர்க்கும் மூலிகைகள், விண்மீன்கள் நகரும் பாதை எல்லாம் அங்கே கற்றுத் தந்தார்கள். ஆசிரியர்களுக்கான உணவைக் காடே சேர்ந்து கொடுத்தது. மான்கள் தளிர் கொடுத்தன. குரங்குகள் பழம் கொடுத்தன. வளைகளில் வாழ்ந்த முள்ளம்பன்றியும் பெருச்சாளியும் கிழங்கு தோண்டி மலையடியில் வைத்தன. குரங்குகள் அதை மேலே தூக்கிச் சென்றன.

ஆனால் கல்விச்சாலைக்குப் போகும் பாதையின் குறுக்கே ஓர் ஆழமான பிளவு இருந்தது. மானும் குரங்கும் ஒரே தாவலில் தாண்டிவிடும். வளைகளில் வாழ்ந்தவற்றால் முடியாது.

"யாரையும் வர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லையே!" என்பது வாயில் காத்த நரியின் வழக்கமான பேச்சு. "பிளவைக் கடந்து வருகிறவர் எவரும் படிக்கலாம். சட்டமே அதுதான்."

மலையடியில் செதிலி என்றோர் அழுங்கு இருந்தாள். உடம்பெல்லாம் செதில், நீண்ட நகங்கள், எறும்புதான் உணவு. யாரையாவது கண்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் கூச்சக்காரி.

ஓர் ஐப்பசி மழையில் வெள்ளம் வளைக்குள் ஏறியது. எறும்பு தேடப் போயிருந்த செதிலி தப்பினாள்; உள்ளே தூங்கிய அவளுடைய அம்மாவும் தம்பியும் வெளியே வரவேயில்லை.

"நீங்கள் ஏன் மேட்டுக்குப் போகவில்லை?" என்று அவ்வழியே வந்த மான் ஒன்று வருத்தத்தோடு கேட்டது. "இந்த மழை வரும் என்று எங்களுக்கு மூன்று நாள் முன்பே தெரியுமே. முதல் பருவத்துப் பாடம்தானே அது?"

செதிலி மறுநாளே தோண்டத் தொடங்கினாள்.

பாறைக்கும் பாறைக்கும் நடுவே மண் இருந்த இடமாகத் தேடித் தேடிப் பிளவுக்கு அடியில் சுரங்கம் வெட்டினாள். நான்கு மாதம் ஆயிற்று. நகங்கள் தேய்ந்துபோயின. ஒரு காலையில் நரியின் காலடி மண் பிளந்து அவள் தலை வெளியே வந்தது.

"தாவாமல் வந்தது செல்லாது!" என்று நரி கத்தியது.

"ஐயா, பிளவைக் கடந்து வர வேண்டும் என்றுதானே சட்டம்? மேலே கடக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. நான் கீழே கடந்தேன்."

தலைமை ஆசிரியரான கிழமந்தி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டது. "அவள் சொல்வது சரி. உள்ளே விடு."

இப்படித்தான் செதிலி படிக்க வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே நுழைவது வேறு, உள்ளே இருப்பது வேறு என்று.

பாடமெல்லாம் கொப்பும் கிளையும் உச்சிக் காற்றுமாக இருந்தது. சந்தேகம் கேட்டால், "இதுகூடவா தெரியாது?" என்று மான்கள் திரும்பிப் பார்த்தன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே அவற்றுக்கு வியப்பு. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு வேளையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தார்கள். அவள் கடைசி மூலையில் சுருண்டு கிடப்பாள். ஒருநாள் ஒரு குரங்கு அவளைக் கல் என்று நினைத்து மேலே உட்கார்ந்து, பழம் தின்றுவிட்டுப் போனது. செதிலி அசையவேயில்லை. கொஞ்ச நேரமாவது யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தாரே!

விடுமுறைக்குக் கீழே போனாள். அங்கே பெருச்சாளி விலகி வழி விட்டது.

"நீ இப்போது மேலிடத்துக்காரி அம்மா. எங்கள் பேச்சு உனக்கு ருசிக்குமா?"

அவள் இரண்டே நாளில் மலைக்குத் திரும்பினாள்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த நரி ஒருநாள் அன்பாக அருகே வந்தது.

"செதிலி, உன் சுரங்கம் திறந்தே கிடக்கிறதே. நாளைக்கு வளைக் கூட்டமெல்லாம் வந்துவிட்டால் உனக்கு என்ன மதிப்பு? வளையிலிருந்து வந்த ஒரே ஒருத்தி என்றால் எவ்வளவு பெருமை! அதை அடைத்துவிடு. முன்வரிசையில், மான்களுக்கு நடுவே, உனக்கு இடம் தருகிறேன்."

"நீங்களே அடைக்கலாமே, ஐயா?"

"நான் அடைத்தால் சட்டத்தை மீறியதாகும். தோண்டியவள் நீ. நீ அடைத்தால் யார் கேட்பார்கள்?"

மான்களுக்கு நடுவே! செதிலி அன்று முழுவதும் அதையே நினைத்தாள். வகுப்பு முடிந்ததும் சுரங்கத்தில் இறங்கி, மலையடி முனைக்குப் போய் மண்ணைத் தள்ளத் தொடங்கினாள். ஒரு கையளவு இடைவெளிதான் மீதி. அப்போது மறுபுறம் ஏதோ பிறாண்டும் ஓசை கேட்டது.

"யாராவது இருக்கிறீர்களா?" என்றது ஒரு குரல். "நான் ஆமை. குளத்திலிருந்து மூன்று நாளாக நடந்து வருகிறேன். எங்கள் குளத்தில் குஞ்சுகளுக்கெல்லாம் கண் தெரியாமல் போகிறது. மூலிகை படிக்க வேண்டும். வழி இருக்கிறது என்றார்களே..."

செதிலி மூச்சை அடக்கிக்கொண்டாள். பேசாமல் இருந்தால் போதும். ஆமை திரும்பிப் போய்விடும்.

"ஒருவரும் இல்லை போலிருக்கிறது," என்று ஆமை தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அந்தக் குரல் செதிலிக்கு நன்றாகப் பழக்கம். ஒரு வருடமாகக் கடைசி மூலையில் அவள் தனக்குள் பேசிக்கொண்ட குரல் அது.

"இருக்கிறேன்!" என்று கத்தினாள். "கொஞ்சம் தள்ளி நில், அக்கா. மண் சரியும்."

அடைத்த மண்ணையெல்லாம் வாரி எடுத்தாள். ஆமையின் ஓடு நுழையவில்லை. எனவே சுரங்கத்தை இன்னும் அகலமாக வெட்டினாள்.

மறுநாள் வாயிலில் நரி பல்லைக் கடித்தது. "முன்வரிசை வேண்டாமா உனக்கு?"

"வேண்டாம் ஐயா. எனக்குப் பக்கத்தில் ஆள் வந்தாயிற்று."

வகுப்பில் மந்தி பாடம் நடத்தியது. ஆமை மெல்லக் கழுத்தை நீட்டி, "உனக்கு ஏதாவது புரிந்ததா?" என்று கேட்டது.

"ஒன்றும் புரியவில்லை, அக்கா."

"எனக்கும்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாயிற்று.

"அங்கே என்ன சத்தம்?" என்றது மந்தி.

செதிலி சுருண்டுகொள்ளவில்லை. எழுந்து நின்றாள்.

"ஆசிரியரே, எங்கள் இருவருக்கும் புரியவில்லை," என்றாள்.

மந்தி பாடத்தை முதலிலிருந்து தொடங்கியது.

நீதி: எல்லோரும் உணவளித்துக் காக்கும் கல்விச்சாலையில் எல்லோருக்கும் வழி வேண்டும்; முதலில் நுழைந்தவர் அந்த வழியை அடைக்காமல் அகலமாக்க வேண்டும்.