போட்டோவில் இருக்கிற மாதிரியே ஒரு கார்

ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருத்தருக்கு அறிவு கூடவும் ஒருத்தருக்குக் குறையவும் இருப்பதுதான் வழக்கம். கரட்டுப்புதூர் அண்ணன் தம்பிகள் விஷயத்தில் கடவுள் அந்தப் பாரபட்சமே காட்டவில்லை. மூத்தவன் ராக்கியண்ணன், நடுவன் சாமியப்பன், கடைசி வெள்ளிங்கிரி, மூவருக்கும் ஒரே படியால்தான் அளந்து போட்டிருந்தார். படிதான் கொஞ்சம் சின்னது.

ஆனால் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். "மழை வந்தா கொடியில இருக்கிற துணியை எடுத்து உள்ள வைங்க" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனால், மழை பெய்யாத ஊரில் அந்தத் துணி பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் கொடியிலேயே கிடக்கும்.

மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் கொடுத்தவர்கள் தூரத்து ஊர்க்காரர்கள், விசாரிக்கவில்லை. அதற்குள் விஷயம் பரவிவிட்டதால் வெள்ளிங்கிரிக்கு முப்பத்து மூன்று வயதாகியும் பதினொரு வீட்டில் பெண் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவதாகப் பார்க்கப் போனதுதான் சிந்தாமணி. அவள் காபி கொடுக்கும்போது, "சூடா இருக்குதுங்க, ஆறினதும் குடிங்க" என்றாள். வெள்ளிங்கிரி அது பச்சைத் தண்ணியாக ஆகிற வரைக்கும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வெள்ளிங்கிரியின் நெஞ்சில் ஆணி அடித்தமாதிரி நின்றுவிட்டது. கட்டினால் இவள்தான்.

சிந்தாமணியின் அப்பா ஆறுச்சாமி பீரோவைத் திறந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார்.

"எஸ்டேட் தொரை ஊருக்குப் போறப்ப எங்கப்பனுக்குக் குடுத்துட்டுப் போன பந்தயக் காரு இது. ரெண்டே பேருதான் உக்காரலாம். நாப்பது வருசமா மாட்டுச் சாளையில கெடக்குது. இந்தப் போட்டோவுல எப்படி இருக்குதோ அதே மாதிரி, அணுவளவு கூடாம கொறையாம, வைகாசி முகூர்த்தத்துக்குள்ள என்ற வாசல்ல வந்து நிக்கோணும். நின்னுதுன்னா பொண்ணு உங்களுக்கு. இல்லீன்னா இந்தப் பக்கமே வந்துராதீங்க."

"நின்னுரும் மாமா," என்றான் ராக்கியண்ணன்.

காரை மாடு கட்டி இழுத்து வந்து தங்கள் வீட்டு வாசல் நடுவில் நிறுத்தினார்கள். போட்டோவைச் சாமி படத்தோடு மாட்டி, வழக்கப்படி குங்குமமும் வைத்தார்கள். குங்குமம் சரியாகக் காரின் கதவு மேலே விழுந்தது.

பஜாரில் பட்டறை வைத்திருக்கும் ஜமால் பாயை வரச்சொல்லிக் காட்டினார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். "சூட்டோட இஞ்சின்ல கை வெக்காதீங்கப்பா. தொட்டுப் பார்த்து ஜில்லுன்னு இருந்தாத்தான் தொறக்கோணும். அப்புறம், கழட்டற சாமான் ஒவ்வொண்ணுக்கும் சீட்டுல நம்பர் எழுதி வைங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையாக் கணக்கு வெச்சாத்தான் திரும்ப மாட்ட முடியும்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அது சித்திரை மாதம், மத்தியானம் ஒரு மணி. ராக்கியண்ணன் பானெட்டைத் தொட்டான்.

"ஆத்தாடி! அனலாக் கொதிக்குதுடா."

மறுநாள் மத்தியானமும் தொட்டார்கள், கொதித்தது. மூன்றாம் நாளும் அப்படியே.

"நாப்பது வருசமா ஓடாத வண்டிக்குச் சூடு எப்படிண்ணா வரும்?" என்று கேட்டான் வெள்ளிங்கிரி.

"ஓடுன வண்டின்னா ஓடுன சூடு. ஓடாத வண்டிக்கு வர்ற சூடு காய்ச்சல்தான்," என்றான் ராக்கியண்ணன்.

சாமியப்பன் குனிந்து பார்த்தான். மட்கார்டு முழுக்கத் துரு புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. அவன் முகம் வெளிறிப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அண்ணா, ஆத்தா வந்திருக்குது. அம்மை!"

அப்புறமென்ன. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. காரைச் சுற்றி வேப்பிலை பரப்பி, ரேடியேட்டரில் இளநீர் ஊற்றினார்கள். நுங்கை நசுக்கி ஸ்டியரிங்கில் தடவினார்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாதே, அதனால் அண்ணிமார் இரண்டு பேரும் பதினொரு நாள் தாளிக்காத ரசமே வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் மஞ்சள் தண்ணி ஊற்றி ராக்கியண்ணன் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"எறங்கிருச்சு!" என்று கத்தினான். அண்ணிமார் ஓடிப்போய்க் கடுகைத்தான் முதலில் போட்டார்கள்.

காரைக் கழற்ற நாலு நாள் ஆயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு சாமான், முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. ஒவ்வொரு சாமான் மேலும் ஒரு சீட்டைப் பதவிசாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வருவதற்குள் சூறைக்காற்று ஒன்று வாசலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சாமான் அப்படியே இருந்தது, சீட்டெல்லாம் ஊர் முழுக்கப் பறந்துவிட்டது. சாயங்காலம் வரை பொறுக்கி எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"சீட்டு பூராம் கெடைச்சிருச்சு. ஒண்ணும் நஷ்டமில்லை," என்றான் சாமியப்பன்.

"எந்தச் சீட்டு எந்தச் சாமானுக்குண்ணா?" என்று கேட்டான் வெள்ளிங்கிரி.

ராக்கியண்ணன் ஒரு திருகாணியை எடுத்துக் காட்டினான். "சின்னச் சாமானுக்குச் சின்ன நம்பர், பெரிய சாமானுக்குப் பெரிய நம்பர். இதுல என்னடா யோசனை? உனக்கென்ன வயசு, எனக்கென்ன வயசு? நான் பெரியவன், எனக்குப் பெரிய நம்பர்."

மறுக்க முடியாத நியாயம். புளி நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் நிறுத்து நம்பர் போட்டார்கள். மூக்குத்தித் திருகாணி அளவுக்கு இருந்த ஒன்றுக்கு ஒன்றாம் நம்பர். இஞ்சினுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. பிறகு பாய் சொன்னபடி வரிசையாக மாட்ட ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணாம் நம்பரை எதுல மாட்டறதுங்கண்ணா?"

"ரெண்டாம் நம்பர்லதான்."

"ரெண்டாம் நம்பரை?"

"அடுத்தது மூணுதானேடா? பள்ளிக்கூடம் போனயா இல்லையா நீ?"

இருபது நாளில் முந்நூற்றுப் பதினொன்று வரைக்கும் வந்துவிட்டார்கள். எங்கே ஓட்டை தெரிந்ததோ அங்கே ஏதோ ஒன்று போய் உட்கார்ந்திருந்தது. பானெட்டையும் மூடியாயிற்று. கடைசியாக முந்நூற்றுப் பன்னிரண்டைத் தூக்கிக்கொண்டு மூவரும் காரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அதற்கு எங்கேயும் இடமே இல்லை.

வெள்ளிங்கிரி இஞ்சினைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "போச்சு. இஞ்சினு இல்லாம கார் எப்படிண்ணா ஓடும்? சிந்தாமணிய வேற எவனோ கட்டிக்கப் போறான்."

"ஏன்டா அழுவற?" என்றான் ராக்கியண்ணன். "மாமா என்ன சொன்னாரு? போட்டோவுல இருக்கிற மாதிரி. போட்டோவ எடுத்துட்டு வா. இதுல எங்கயாச்சும் இஞ்சினு தெரியுதா?"

"இல்லீங்கண்ணா."

"பொகை வருதா?"

"இல்லீங்க."

"சத்தம்? காதுல வெச்சுக் கேளு."

வெள்ளிங்கிரி போட்டோவைக் காதில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெகு நேரம் கேட்டான். "ஒரு சத்தமும் இல்லீங்கண்ணா."

"அப்ப இது ஓடவே கூடாது. ஓடுனாத்தான் மாமா குத்தம் சொல்லுவாரு."

வெள்ளிங்கிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படிப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

அடுத்தது பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது உள்ளே பழைய சிவப்பு எட்டிப் பார்த்தது. சாமியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "எவனோ சிவப்பு அடிச்சுக் கெடுத்து வெச்சிருக்கான். போட்டோவுல கறுப்பும் சாம்பலுமாத்தானே இருக்குது?" கறுப்பில் ஒரு டப்பா, வெள்ளையில் ஒரு டப்பா வாங்கிக் கலந்து, போட்டோவில் எங்கே இருட்டோ அங்கே கறுப்பும், எங்கே வெளுப்போ அங்கே சாம்பலும் அடித்தார்கள். போட்டோவை நடுவில் மடித்து வைத்திருந்ததால் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. காரிலும் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்கள். கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தார்கள்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் போய் நின்றபோதுதான் கஷ்டம் புரிந்தது. போட்டோவில் ஒரு பக்கம்தானே இருக்கிறது? வெள்ளிங்கிரி போட்டோவைத் திருப்பிப் பார்த்தான். பின்னால் மஞ்சள் பூத்த அட்டைதான்.

"இந்தப் பக்கத்துக்கும் அதே மாதிரி அடிச்சரலாமாண்ணா?"

"பார்க்காததைப் பார்த்தாப்புல செய்யறது பொய்டா," என்றான் ராக்கியண்ணன். "சம்பந்தம் பண்ணப் போற எடத்துல பொய் ஆகாது." வலது பக்கத்தைத் துருவோடு அப்படியே விட்டார்கள். அந்தப் பக்கத்து இருக்கையில் ஏறி அடைகாத்துக்கொண்டிருந்த வீட்டுக் கோழியையும் எழுப்பவில்லை.

கடைசியாக டிக்கி. போட்டோ பின் சக்கரத்தோடு முடிந்துவிட்டது. கார் அதற்குப் பின்னாலும் இரண்டு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. அணுவளவு கூடக் கூடாது என்றால் இரண்டு முழம் கூடலாமா? அன்று ராத்திரி பூராவும் ரம்பச் சத்தத்தில் ஊரில் யாரும் தூங்கவில்லை.

வைகாசியில் நல்ல நாள் பார்த்து, மாடு கட்டிக் காரை ஆறுச்சாமி வாசலுக்கு இழுத்துப்போனார்கள். வாழைப்பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு, பூத்தட்டு, அதற்குப் பின்னால் நாலு பேர் தூக்கிவந்த அண்டாவில் மாலை போட்ட இஞ்சின்.

ஆறுச்சாமி வெளியே வந்தார். பார்த்தார். மேல்துண்டு நழுவிக் கீழே விழுந்தது. "அடப் பாவிகளா, என்ற கார எவன்டா பாதியா வெட்டினது?"

ராக்கியண்ணன் பவ்வியமாகப் போட்டோவை நீட்டினான். "ஒத்துப் பாருங்க மாமா. அணுவளவு கூடியிருந்தாலும் கொறைஞ்சிருந்தாலும் பொண்ணு வேண்டாம், நாங்க போயிக்கறோம்."

ஆறுச்சாமி போட்டோவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கோடு இருந்தது. பொட்டு இருந்தது. டிக்கி இரண்டிலும் இல்லை. அரை மணி நேரம் தேடியும் ஒரு குற்றம் அகப்படவில்லை.

அதற்குள் சிந்தாமணி காரின் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். கோழியும் அவளைப் பார்த்தது.

"இந்தப் பக்கம் ஏனுங்க ஒண்ணும் பண்ணலை?"

"தெரியாததப் பண்றதுக்குப் பயமா இருந்துச்சுங்க," என்றான் வெள்ளிங்கிரி. "எப்படி இருக்கோணும்னு நீங்க சொன்னீங்கன்னா, அப்படியே பண்ணிப் போடறனுங்க."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அப்பாவிடம் வந்தாள். "அப்பா, சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆம்பளை இந்தத் தாலுக்காவுல வேற எவன் இருக்கறான்? எனக்கு இவரு போதும். இனிமேல் சொல்றதை மட்டும் நான் பார்த்துச் சொல்லிக்கறேன்."

ஆறுச்சாமிக்கு வேறு வழியில்லை. அந்த மாசமே முகூர்த்தம் வைத்து, அந்தக் காருக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டு வெள்ளிங்கிரி தாலி கட்டினான். கேமராக்காரன் எல்லாரையும் இடது பக்கமாக நிற்கவைத்துப் படம் பிடித்தான்.

நாலாம் நாள் கல்யாணப் போட்டோ வந்தது. ராக்கியண்ணன் வாங்கி ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தான். மாப்பிள்ளை, பொண்ணு, சாமியப்பன், மாமா, எல்லாரும் இருந்தார்கள். படம் பிடித்த நேரத்தில் ராக்கியண்ணன் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான். படத்தில் அவனைக் காணோம்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஆறுச்சாமி வீட்டுக்குப் போனான். "ஏனுங் மாமா, மாப்பிள்ளைக்கு மூத்த அண்ணன் நான் ஒருத்தன் உசிரோட இருக்கறேன். என்னைக் கூப்புடாமயே கல்யாணத்த முடிச்சுட்டீங்களா? பெரியவன் இல்லாத கல்யாணம் செல்லாதுங்க."

ஆறுச்சாமியும் போட்டோவில் தேடிப் பார்த்துவிட்டு, சரியென்று பஞ்சாங்கத்தை எடுத்தார். ஆனியில் மறுபடியும் பந்தல் போட்டு, மறுபடியும் தாலி கட்டினார்கள். ராக்கியண்ணன் படத்தின் நடுவில் அசையாமல் நின்றான். அந்தப் படம் வந்தபோது சாமியப்பனைக் காணோம். அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தான்.

இப்போது மூன்றாவது முகூர்த்தத்துக்கு ஆவணியில் நாள் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஒருத்தர் பாக்கியில்லாமல் படத்தில் இருந்தாக வேண்டுமென்று ராக்கியண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இரண்டு படத்திலும் காணோம் என்பதால், போன இரண்டு கல்யாணத்துக்கும் வராதவனாகிவிட்ட கேமராக்காரனுக்கும் பத்திரிகை வைத்து, முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறான்.