ரெண்டரைச் சுத்து

ஒரு ஊர்ல ஒரு ஐஸ் பேக்டரி இருந்துச்சு. காலை நீட்டிப் படு, போர்வைய இழுத்து விடுறேன். ஊரு தூத்துக்குடி. கடல்ல இருந்து மீன் வருதில்ல, அது கெட்டுப்போகாம இருக்க ஐஸ் வேணுமில்ல, அதைச் செய்யுற இடம். அங்க சூசைன்னு ஒருத்தர் வேலை பாத்தாரு. ஒவ்வொரு ஐஸ் கட்டியும் உன் உசரம் இருக்கும். கொக்கி போட்டு இழுத்தாருன்னா சர்ர்ர்ருன்னு வழுக்கிட்டே வரும்.

"ம்."

அவருக்கு ஒரே மக, ஜெசிந்தா. அப்பாவுக்குச் சோறு கொண்டு போவா, போனதும் செருப்பைக் கழட்டிட்டு அந்த ஈரத் தரையில அவளும் சர்ர்ர்ரு! அப்புறம் தொப்! பாவாடையெல்லாம் நனைஞ்சு வீட்டுக்கு வந்தா அம்மா கிட்ட ரெண்டு அடி. அடுத்த நாளும் போவா.

அப்போ அவளுக்கு ஒரு சித்தி, லூர்துமேரின்னு பேரு, டெல்லிப் பக்கம் ஆஸ்பத்திரியில நர்ஸு. ஒம்பது வயசுல லீவுக்கு ஜெசி அங்க போனா. அங்க ஒரு பெரிய கடைக்கட்டடம். அதுக்குள்ள, கேளு, தரை முழுக்க ஐஸு! கால்ல கத்தி மாதிரி பிளேடு வச்ச ஷூவை மாட்டிக்கிட்டுப் பிள்ளைங்க கொக்கு மாதிரி பறக்குறாங்க.

"அந்த ஐஸைச் சாப்பிடலாமா?"

சாப்பிடலாம், எல்லார் காலும் பட்டிருக்கும், பரவாயில்லயா? ம், அதான். ஜெசி வாயைத் திறந்து பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் சித்தி கையைப் பிடிச்சா. "சித்தி, நான் ஊருக்குப் போகல."

அழுது, அடம் பிடிச்சு, சித்தி வீட்டுலயே இருந்து பள்ளிக்கூடம் போனா, ஐஸ்ல ஆடவும் கத்துக்கிட்டா. டோல்மான்னு ஒரு அக்கா, பனி மலையில பொறந்தவங்க, அவங்கதான் கோச். ஜெசி ஓடினா, வளைஞ்சா, ஒத்தக் கால்ல பம்பரமாச் சுத்தினா, விர்ர்ர்ர்! சின்னச் சின்னப் போட்டியில ஜெயிச்சா. ஆனா ஒண்ணு மட்டும் வரல. குதிச்சு, காத்துலயே ரெண்டரைச் சுத்து சுத்தி, ஒத்தக் கால்ல இறங்கணும். ரெண்டு சுத்து வரும். அந்த அரைச் சுத்துலதான் தொப்!

பதினஞ்சு வயசு ஆச்சு. அப்போ அம்மா போன்ல சொன்னாங்க, "ஏ ஜெசி, வருசா வருசம் நடக்குற அந்தப் பெரிய போட்டிக்கு மூணு தடவை போ. ஜெயிக்கலன்னா ஊருக்கு வந்துரணும். எங்களுக்கும் நீ ஒரே பிள்ளைதானட்டி."

"சரிம்மா."

முதல் வருசம் போனா. குதிச்சா. சுத்தினா. தொப்! எந்திரிச்சா, பயத்துல அடுத்ததுலயும் தொப்! கடைசி இடம்.

அப்புறம் ரெண்டாவது வருசம். இந்தத் தடவை ரெண்டரைச் சுத்தே வேண்டாம்னு விட்டுட்டா. விழவே இல்ல. ரெண்டாவது இடம், வெள்ளி மெடலு! எல்லாரும் கை தட்டினாங்க. ஜெசிக்கு மட்டும் யாரோ ஒருத்தரோட மெடலை எடுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

"ம்..."

மூணாவது வருசம். அப்பா சூசை ரயிலேறி வந்தாரு. அவளோட ஆட்டத்தை அவரு பாத்ததே இல்ல. வேட்டிக்கு மேல ஸ்வெட்டரு, தலையில குரங்குக் குல்லா, வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு முன் வரிசையில உக்காந்தாரு.

பாட்டு ஆரம்பிச்சுது. சர்ர்ர்... குதிச்சா. ஒண்ணு, ரெண்டு... தடால்! இடுப்பு அடிபட விழுந்தா.

அப்போ சூசை எந்திரிச்சு நின்னு ஒரு கத்து கத்தினாரு பாரு, "ஏட்டி ஜெசி! எந்திரி தாயி! அடி ஒண்ணுமில்ல!"

அத்தனை பேரும் திரும்பி அந்தக் குரங்குக் குல்லாயைப் பாக்குறாங்க. ஐஸ் மேல கிடந்த ஜெசிக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சா. அப்புறம் ஆடினா. பம்பரம் விர்ர்ர்ர்! வளைவு சர்ர்ர்ர்!

கடைசியில ஒரு சின்னக் குதி பாக்கி. சுலபமானது. அதைச் செஞ்சா போன வருசம் மாதிரி வெள்ளி வந்துரும். மூச்சு வாங்குது. ஜெசி நினைச்சா, ஊருக்குப் போறதுன்னா போவோம், ஆனா அந்த ரெண்டரைச் சுத்தைச் செய்யாம போகக்கூடாது. குதிச்சா. ஒண்ணு... ரெண்டு... அரை! டக்குனு ஒத்தக் கால்ல நின்னா. உடம்பு ஆடுச்சு, கை அலைஞ்சுது, ஆனா நின்னா!

மார்க் போட்டாங்க. தங்கம். ரெண்டாவது வந்தவளை விட இம்புட்டூண்டு, நகக்கண்ணு அளவுதான் கூட.

அப்பா ஓடி வந்தாரு. மெடலைப் பாக்கவே இல்ல. "இடுப்பு வலிக்குதா?"ன்னாரு.

"வலிக்குதுப்பா."

"வா, தைலம் தேச்சு விடுறேன்."

அம்மாவும் ஊருக்கு வான்னு அப்புறம் சொல்லவே இல்ல. ஆறு வருசம் ஜெசிதான் சாம்பியன். வெளிநாடு போனா, அங்க முப்பது பேருல பத்தொம்பதாவதா வந்தா, சந்தோசமா மிட்டாய் வாங்கிட்டு வந்தா. ஏழாவது வருசம் யாங்சென்னு ஒரு சின்னப் பொண்ணு, முன்பல்லு ரெண்டும் பெருசா இருக்கும், மூணு சுத்து சுத்தி ஜெயிச்சுட்டா. ஜெசி அவ கிட்டப் போய், "மூணா? இன்னொரு தடவை காட்டு, நான் சரியாப் பாக்கல"ன்னா. அவ காட்டினா. ஜெசி கை வலிக்கத் தட்டினா.

அன்னைக்கே டோல்மா அக்காகிட்டச் சொல்லிட்டா, "எனக்குப் போதும்க்கா. நிறைஞ்சு போச்சு."

அந்தக் கடைக்கட்டடத்துல கூட்டம் வர்றதுக்கு முன்னாடிதான் பயிற்சி. அதனால பதினாலு வருசமா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சவ அவ. மறுநாள் எந்திரிக்கல. வெயில் ஜன்னலைத் தாண்டி மெத்தைக்கே வந்துருச்சு, ஜெசி நல்ல தூக்கம். சித்தி எட்டிப் பாத்தாங்க. குக்கர் விசில் அடிச்சா முழிச்சுருவாளேன்னு ஓடிப்போய் அடுப்பை அணைச்சாங்க.

அவ தூங்கட்டும். நாமளும் சத்தம் காட்டாம கதையை இங்கயே மூடி வச்சுருவோம். கண்ணை மூடு, கண்ணு.