சம்பந்தமே இல்லாத கம்பி

மின்கம்பி வழியாக இன்டர்நெட் வந்ததுதான் வந்தது, தையல்காரி பிரிஜித்தின் ஹாம் ரேடியோவில் ஒரே இரைச்சல்! புயலடித்தால் அவள் மைக்கில் பேசிக் கடலோரத்துக்கே சேதி சொல்லும் ரேடியோ அது. சும்மா விடுவாளா?

அவள் கடை வாசலிலேயே அந்த இன்டர்நெட்டுக்குத் திறப்பு விழா. கம்பெனி முதலாளி அதே கம்பி வழியாகப் பெரிய திரையில் வாழ்த்திக்கொண்டிருந்தார். பிரிஜித் கம்பெனி மேனேஜரிடம் இரைச்சலைப் பற்றி முறையிட்டாள்.

"ஏம்மா, எங்க கம்பிக்கும் உன் ரேடியோவுக்கும் சம்பந்தமே கிடையாது!"

"அப்ப நான் ரேடியோவுல பேசலாமா சார்?"

"தாராளமா பேசு!"

கடைக்குள் ஓடி, மைக்கை அழுத்தி அவள் பேசியதுதான் தாமதம், திரையில் படம் உறைந்து, முதலாளி திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுவிட்டார்! கூட்டம் விசிலடித்தது.

"ஐயோ, ரேடியோவை நிறுத்தும்மா!"

"சம்பந்தமே இல்லைன்னீங்க, இப்ப சம்பந்தியே ஆயிட்டோம்! முதல்ல உங்க வீட்டுச் சத்தத்தை நிறுத்துங்க, சம்பந்தி!"