அறுக்காத ஓரம்

நூலகத்தில் தேடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு வெட்டிவேலை என்பது துறைத்தலைவர் வயிரவநாதனின் முடிவு. ஒருநாள் அவரே வந்து நின்றார்.

"எனக்குத் தெரியாத ஒண்ணை இங்கேருந்து எடுத்துக் காட்டுங்க. முடியலைன்னா இந்த வகுப்பு இன்னையோட சரி."

மாணவர்கள் எதை நீட்டினாலும் "தெரியும்" என்று தள்ளினார். கடைசியாக முதலாண்டு மாணவி புஷ்பமரியாள் பறவைகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இதையா? இதே பிரதியை வரி விடாம படிச்சிருக்கேன். நீ படிச்சியாம்மா?"

"முடியல சார். எந்தப் புத்தகத்தையும் முதல்ல பிரிச்சுப் பாக்கணும்னு இந்த வகுப்புலதான் சொன்னாங்க. பிரிக்க வரல."

அந்தக் காலத்தில் அச்சிட்ட பெரிய தாளை மடித்துத் தைத்து, மடிப்பை வெட்டாமலே அனுப்பிவிடுவார்கள். படிப்பவர்தான் ஓரத்தை அறுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு பக்கம்கூட அறுபடவில்லை.

யாரோ சிரித்தார்கள். வயிரவநாதன் மடிப்புக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார்.

"ஏதோ படம் மாதிரி தெரியுதே..."

"எங்களுக்கும் பாக்கணும் சார்" என்று புஷ்பமரியாள் ஸ்கேலை நீட்டினாள்.

அவர் வாங்கி மெதுவாக அறுத்தார். எல்லாத் தலைகளும் புத்தகத்தின் மேல் குனிந்தன. வகுப்பு முடியும் மணி அடித்தது. யாரும் நகரவில்லை. அவரும்தான்.