மடியில் முடிந்த பியூஸ்

“யாரையும் நம்ப முடியலை சாமி,” என்றார் மாடசாமி.

மடத்துச் சாமி முற்றத்தில் வேப்பஞ்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். “யாரையுமா?” என்று கேட்டார்.

மாடசாமி ஓய்வுபெற்ற ஏட்டு. சாமியைவிட வயதில் மூத்தவர். மனசு அடங்கட்டும் என்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர். காக்கிச் சட்டை கழன்றுவிட்டது, சந்தேகம்தான் கழலவில்லை.

அன்று அவருக்குக் காரணமும் இருந்தது.

வாசலில் இருக்கும் பியூஸ் பெட்டியிலிருந்து கிணற்று மோட்டாருக்கு மண்ணுக்கடியில் கேபிள் போகிறது. முந்தின நாள் மோட்டார் உறுமியதே தவிர ஓடவில்லை. தோண்டிப் பார்த்தால், பக்கத்துத் தோட்டத்து வேலாண்டி வேலிக்கல் நட்ட இடத்தில் கடப்பாரை பட்டு ஒரு கம்பி அறுந்திருந்தது. கேபிளுக்குக் காவலாக மேலே பரப்பிய செங்கலும் உடைந்து கிடந்தது.

தெரியாமல் பட்டுவிட்டது என்றார் வேலாண்டி. தன் மைத்துனர் கோமதிநாயகம் வயர்மேன், அவரை அனுப்பி ஒட்டுப்போட்டு, புதுச் செங்கலும் அடுக்கித் தருவதாகச் சொன்னார்.

“செங்கல் உடையுத சத்தம் கேக்கலையாம். இப்போ மச்சானை அனுப்புதான். திருடன் கையிலயே சாவியைக் கொடுக்கவா சாமி?”

“நீங்க என்ன செஞ்சீங்க ஏட்டையா?”

நிறையச் செய்திருந்தார். நாயகத்தின் பையைச் சோதனை போட்டார். கத்தியையும் டேப்பையும் விட்டுவிட்டு, மின்சாரம் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்டரைப் பிடுங்கிக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு அவன் வாசல் பெட்டியை நோண்டுவான் என்று சந்தேகம். பியூஸைத் தானே கழற்றினார். வேலாண்டி வந்து திரும்பச் செருகிவிட்டால் என்ன செய்வது என்று அதை வேட்டி மடியில் முடிந்துகொண்டார். கேபிளில் மின்சாரம் இல்லை என்பதையும் தன் பழைய டெஸ்டரால் தானே பார்த்தார். நான் சொல்லும்வரை கேபிளில் கை வைக்காதே, குழியை மட்டும் அகலப்படுத்து என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நாயகம், நானும் ஒருதடவை பார்த்துக்கொள்கிறேனே என்று கேட்டாராம். வேண்டாம் என்றாராம் இவர்.

“அதுக்கு நாயகம் என்ன சொன்னார்?”

“ஏட்டையா சொன்னா சரிதான்னுட்டான். அந்தப் பணிவுதான் எனக்கு இடிக்கி.”

சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். யார் யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்.

வேலாண்டி மேல். நாயகம் மேல். குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போன பால்காரர் மேல். இத்தனையும் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற சாமி மேலும் கொஞ்சம் இருந்தது. அதை மட்டும் ஏட்டையா வெளியே சொல்லவில்லை.

“ஒண்ணு விட்டுப்போச்சு,” என்றார் சாமி.

வாசல் பெட்டிக்குக் கூட்டிப்போனார். மோட்டாரின் மூன்று கம்பிக்கும் மூன்று பியூஸ். அறுந்த கம்பி ஒன்று, அதனால் கழற்ற வேண்டியதும் ஒன்று என்பது ஏட்டையாவின் கணக்கு. மற்ற இரண்டும் செருகியபடியே இருந்தன. பெட்டிக்கு மேலே, அணைக்க மறந்த பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

“உங்க டெஸ்டரை இதுல வைங்க.”

ஏட்டையா ஒரு பியூஸில் வைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

பல்பைப் பார்த்தார். டெஸ்டரைத் துடைத்துவிட்டு அடுத்ததில் வைத்தார். அதிலும் எரியவில்லை.

“நாயகத்தோடதை வைங்க.”

சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். உடனே எரிந்தது.

அப்போது குழியிலிருந்து நாயகத்தின் குரல் வந்தது. “ஏட்டையா, கத்தி வைக்கட்டுமா?”

மாடசாமி டெஸ்டரைப் பிடித்தபடியே ஓடினார். மடியிலிருந்த பியூஸ் வழியில் விழுந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குழிக்குள் நாயகம் கத்தியைப் பிடித்தபடி, இவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று குந்தியிருந்தார்.

“மேல ஏறி வா நாயகம்.”

ஏறி வந்தவர் கையில் அவருடைய டெஸ்டரை வைத்தார் மாடசாமி.

“நான் சொன்னதை நம்பாத,” என்றார். “நீயே போய்ப் பாரு.”