மாடுகள் கேட்ட ஏடு

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்குப் பூட்டின் மேல் ஆசை வந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினான். கடைசியில் ஏடுகள் வைத்திருந்த கூடத்தையும் பூட்டினான்.

அந்த நேரம் பார்த்து நாட்டில் கோமாரி பரவியது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, தீவனம் தின்னாமல் மாடுகள் சாய்ந்தன. அதற்கான மருந்தை அரண்மனையிலேயே தங்கியிருந்த வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். ஊரார் கட்டிய வரியில் உண்டுதான் ஆராய்ந்தார்கள். ஏடு பூட்டுக்குள் கிடந்தது.

விகடகவி சாத்தன் அரசனிடம் போனான்.

“அரசே, அந்த ஏட்டை ஊராருக்குப் படித்துக்காட்ட வேண்டும்.”

தலைமைப் பண்டிதர் ஆதித்தருக்குச் சாத்தனைக் கண்டாலே ஆகாது.

“எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் தங்கள் சபைக்கு என்ன பெருமை, மன்னா? மருந்தை அறிந்தவர் எவரும் அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஆணையிடுங்கள். சாத்தன்தான் கெட்டிக்காரனாயிற்றே! ஆணையை மீறாமல் மாடுகளைக் காப்பாற்றட்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசனுக்கு அது பிடித்திருந்தது. ஆணையிட்டான்.

“வாசலுக்குள்ளே நான் படிக்கலாமா, அரசே?”

“உள்ளே உன் விருப்பம்” என்று சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் அரசன் சபைக்கு வந்தபோது தூணுக்குத் தூண் மாடு கட்டியிருந்தது. பளிங்குத் தரையெங்கும் சாணம். மாட்டுக்காரர்கள் நடுவே சாத்தன் உரக்கப் படித்தான்.

“மிளகு, சீரகம், வெந்தயம் மூன்றையும் ஊறவைத்து அரைத்து, தேங்காயும் வெல்லமும் சேர்த்து மாட்டின் நாக்கில் தடவவும்.”

“இது என்ன அக்கிரமம்!” என்றான் அரசன்.

“மருந்தை அறிந்த நான் வெளியே போகக் கூடாது. அதனால் மாடுகள் உள்ளே வந்தன.”

“மருந்து தடவியாயிற்றா? எல்லோரையும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகச் சொல்!”

“போக முடியாதே, அரசே. மருந்தை அறிந்துவிட்டார்கள். இனி இங்கேதான் இருப்பார்கள். காளைகளை அந்தப்புரத்தில் கட்டலாமா?”

அரசன் வாயிலை நோக்கி நடந்தான். சாத்தன் கைகூப்பி வழிமறித்தான்.

“தாங்களும் கேட்டுவிட்டீர்கள்.”

ஆதித்தர் பதறினார். “ஐயோ, என் வீடு வெளியே இருக்கிறதே!”

“பண்டிதரே, நேற்று ஆணையிட்ட பிறகும் வீட்டுக்கு எப்படிப் போனீர்கள்?” என்றான் அரசன்.

“நேற்றுவரை... நான் அந்த ஏட்டைப் படித்ததில்லை, மன்னா.”

சடைச்சி என்ற மாட்டுக்காரி தன் பசுவைத் தள்ளி நிறுத்தினாள்.

“இங்கன வாங்க சாமி. எம் மாட்டுக்குப் பக்கத்துல எடம் கெடக்கு, படுத்துக்கலாம்.”

அரசன் சிரித்தான். சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆணையை ரத்து செய்தான். ஏட்டுக்கூடத்துக் கதவையே கழற்றச் சொன்னான். தன் முத்துமாலையைச் சாத்தன் கழுத்தில் போட்டான்.

முதல் ஆளாக வாசலைத் தாண்டி ஓடியவர் ஆதித்தர். அவர் வீட்டுப் பசுவும் கொஞ்ச நாளாகத் தீவனம் தின்னவில்லை.